ரெண்டு ரூபாயும் ஒரு யூரோவும்: சொந்த வேலைக்கு எந்த ஃபங்ஷனல் மொழி?

மொரீஷியஸின் எபேன் சைபர் சிட்டியில் பகல் முழுக்க அடுத்தவருக்காக சி ஷார்ப்பிலோ ஜாவாவிலோ பிஎச்பியிலோ எழுதிக்கொண்டிருப்பவர்கள் எங்களில் பலர். அங்கே எந்த மொழி என்பதை வாடிக்கையாளர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். சாயங்காலம் ரோஸ் ஹில்லுக்கோ காத்ர் போர்னுக்கோ வீடு திரும்பி, சொந்தமாகச் சின்னதாக ஒரு மென்பொருள் செய்து நாலு கடைக்கு விற்கலாம் என்று உட்காரும்போதுதான் தேர்வு நம் கைக்கு வருகிறது. அண்மையில் என் அக்கா மகன் கேட்டான்: "மாமா, ஹாஸ்கெல் படிக்கட்டுமா, எலிக்சர் படிக்கட்டுமா?" இரண்டும் ஃபங்ஷனல் மொழிகள், அதாவது ஒருமுறை வைத்த மதிப்பை மாற்றாமல், ஃபங்ஷன்களைக் கோத்தே நிரல் எழுதும் மொழிகள். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டால் அவனிடம் பதில் இல்லை. வேலையைச் சொல்லாமல் மொழியைக் கேட்டால் யாராலும் உருப்படியாகச் சொல்ல முடியாது.

அதனால் ஒரு வேலையை நடுவில் வைத்துக்கொள்கிறேன். போர்ட் லூயிஸில் ஒரு பூஜைச் சாமான் கடை. சரக்கு சென்னையிலிருந்து வருகிறது, கொள்முதல் விலை இந்திய ரூபாயில். விற்பது மொரீஷியஸ் ரூபாயில். தைப்பூசம் நெருங்கும்போது பக்கத்துத் தீவான ரியூனியனிலிருந்து கோயில்காரர்கள் மொத்தமாக வாங்குகிறார்கள், அவர்கள் தருவது யூரோ. உள்ளூர் விற்பனைக்கு 15 சதவீத வாட், அதாவது மதிப்புக்கூட்டு வரி. ஏற்றுமதிக்குப் பூஜ்ய விகிதம். பில்லில் பொருளின் பெயர் தமிழிலும் இருக்க வேண்டும் என்பது கடைக்காரரின் ஆசை. ஜூலை முதல் ஜூன் வரையிலான ஆண்டுக்கணக்கை எக்செல்லில் கேட்பார் கணக்கர். பில் பிடிஎஃப்பில் போக வேண்டும்.

இந்த வேலையில் கணினி அறிவியல் என்று பெரிதாக எதுவும் கிடையாது. முக்கால்வாசி சலிப்பூட்டும் வேலை: பைசா கணக்கு, எக்செல், பிடிஎஃப், தமிழ் எழுத்து. மொழியின் அழகைப் பற்றிப் பேசும் ஒப்பீடுகள் இந்த நாலையும் தொடுவதே இல்லை. என் அனுபவத்தில் சொந்த வேலைக்கான மொழியைத் தீர்மானிப்பவை இந்த நாலும்தான்.

ஃபங்ஷனல் மொழி எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். எழுதி முடித்த பில்லை நிரலின் வேறொரு மூலை போகிற போக்கில் மாற்றிவிட முடியாது என்பது முதல் லாபம். அதைவிடப் பெரிய லாபம், ஒரு பொருள் எத்தனை விதமாக இருக்கலாம் என்பதை வகையாகவே எழுதிவிட முடிவது. ஒரு விற்பனை 15 சதவீதம், பூஜ்ய விகிதம், வரிவிலக்கு என்ற மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். பூஜ்ய விகிதமும் வரிவிலக்கும் பில்லில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், கொள்முதலில் கட்டிய வாட்டைத் திரும்பப் பெறுவதில் இரண்டும் வேறு. இரண்டையும் வெறும் சைபர் என்று எண்ணாகப் போட்டுவைத்தால் ஆண்டுக் கடைசியில் கணக்கர் தலையில் கை வைப்பார். வகையாகப் பிரித்து எழுதினால், ஒன்றை விட்டுவிட்டீர்கள் என்று, நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரே காட்டும். ஒரு நுணுக்கம் உண்டு. எஃப் ஷார்ப், ஓகேமல் என்ற மொழிகள் இதைத் தாமாகவே எச்சரிக்கும். ஹாஸ்கெலில் அந்த எச்சரிக்கையை நாம் இயக்க வேண்டும். எதிலும் இதைப் பிழையாகவே நிறுத்தும்படி அமைத்துக்கொள்வது நல்லது.

இனி மொழிகள். என் கட்சி எது என்பதை மறைக்கப்போவதில்லை.

எஃப் ஷார்ப்பை டான் சைம் மைக்ரோசாஃப்ட்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் உருவாக்கினார். 2005இல் வெளிவந்து, 2010இல் மைக்ரோசாஃப்ட்டின் நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோவிலேயே சேர்ந்தது. சி ஷார்ப் ஓடும் அதே டாட்நெட் தளத்தின் மேல் ஓடுகிறது, விண்டோஸ் கட்டாயமில்லை. நம் கடை வேலைக்கு இதில் இரண்டு விஷயங்கள் தங்கம். முதலாவது, தசம எண் மொழிக்குள்ளேயே இருக்கிறது, பைசா கணக்குக்கு நூலகம் (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு) தேடி அலைய வேண்டாம். இரண்டாவது, அளவலகுகள். ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் அது எந்த அலகு என்று எழுதிவைக்கலாம். சென்னை விலையும் ரூபாய், போர்ட் லூயிஸ் விலையும் ரூபாய். கடைக்காரர் வாயில் இரண்டும் "ரூபா" தான். 450 என்று எழுதியிருந்தால் எது என்று நாலு மாதம் கழித்து யாருக்குத் தெரியும்? எஃப் ஷார்ப்பில் இந்திய ரூபாய் ஓர் அலகு, மொரீஷியஸ் ரூபாய் ஓர் அலகு, யூரோ ஓர் அலகு. இந்திய ரூபாயோடு மொரீஷியஸ் ரூபாயைக் கூட்ட முயன்றால் நிரல் கம்பைலே ஆகாது. மாற்று விகிதத்துக்கும் அலகு உண்டு: ஓர் இந்திய ரூபாய்க்கு இத்தனை மொரீஷியஸ் ரூபாய். விகிதத்தைத் தலைகீழாகப் பெருக்கினால் அலகு ஒட்டாது, அங்கேயே பிடிபடும். ஓடும்போது இந்த அலகுகள் எதுவும் இருக்காது, கம்பைல் ஆகும்போதே உதிர்ந்துவிடும். அதனால் வேகத்துக்கு நஷ்டமில்லை. நான் பார்த்த வேறு எந்த நடைமுறை மொழியும் இதை இத்தனை சுலபமாகத் தரவில்லை.

ஆனால் ஒரு பொறி. டாட்நெட்டின் வழக்கமான முழுமையாக்கல், சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் தள்ளும். 4.30 ரூபாய் பொருளுக்கு 15 சதவீத வாட் 0.645. வழக்கமான முறையில் விட்டால் 0.64 என்று வரும். கையால் கணக்குப் போடும் கடைக்காரர் 0.65 என்பார். எந்த முறை வேண்டும் என்பதை நாமே சொல்லிவிட வேண்டும். ஹாஸ்கெலின் முழுமையாக்கலும் இப்படித்தான். எலிக்சரின் டெசிமல் நூலகம் பாதியை மேலே தள்ளும், கடைக்காரர் போலவே. எந்த மொழியானாலும் முதல் நாளே இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எக்செல்லுக்கு டாட்நெட்டில் குளோஸ்ட்எக்ஸ்எம்எல் போன்ற தேறிய நூலகங்கள் உண்டு. சி ஷார்ப்புக்காக எழுதியவை எல்லாம் எஃப் ஷார்ப்புக்கும் கிடைக்கும். குறைகளும் இல்லாமல் இல்லை. கோப்புகளைச் சார்பு வரிசையில் அடுக்கித் தர வேண்டும், கீழே வருவதை மேலே இருப்பது அழைக்க முடியாது. புதியவர்கள் இதைத் திட்டுவார்கள். எனக்கோ இது வரம், யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பது கோப்புப் பட்டியலிலேயே தெரிகிறது. சி ஷார்ப் நூலகங்களிலிருந்து வெற்று மதிப்பு (நல், அதாவது மதிப்பே இல்லை என்னும் குறி) கசிந்து வருவது உண்மையான தொல்லை. 2024 நவம்பரில் வந்த எஃப் ஷார்ப் 9 அதற்கு ஓரளவு வழி செய்திருக்கிறது.

அடுத்து எலிக்சர். பிரேசிலைச் சேர்ந்த ஜோஸே வாலிம் உருவாக்கியது, 1.0 பதிப்பு 2014இல். அடியில் இருப்பது எரிக்சன் நிறுவனம் தொலைபேசி இணைப்பகங்களுக்காக 1980களில் வளர்த்த எர்லாங். வாட்ஸ்அப் எர்லாங்கில் வளர்ந்தது என்பது பலருக்குத் தெரிந்த கதை. ஆயிரக்கணக்கான சிறு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று விழுந்தால் அதன் மேற்பார்வையாளர் அதை மட்டும் எழுப்பிவிடும், மற்றவை அசையாது. கடைக்கான பில் மென்பொருளுக்கு இது தேவையே இல்லை. கிராண்ட் பேயில் டாக்சிக்காரர்களுக்கும் ஹோட்டல்களுக்கும் நடுவே உடனுக்குடன் தகவல் போகும் ஒரு சேவை என்றால் நான் வேறு எதையும் யோசிக்க மாட்டேன். இணையப் பக்கம் எழுத ஃபீனிக்ஸ் லைவ்வியூ என்ற கருவி இருப்பதால் ஜாவாஸ்கிரிப்டைப் பெரிதாகத் தொடாமலே உயிரோட்டமான பக்கங்களை ஒருவரே எழுதி முடிக்கலாம்.

தமிழ் எழுத்தில் எலிக்சர் மற்ற எல்லாரையும் மிஞ்சுகிறது. "காவடி" என்ற சொல்லை எடுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து: கா, வ, டி. யூனிகோடில் அது ஐந்து குறிகள், கால் தனி, இகரக் கொக்கி தனி. சேமிக்கும் வடிவமான யுடிஎஃப்-8இல் 15 பைட். இதன் நீளம் என்ன என்று கேட்டால் எலிக்சர் 3 என்கிறது. எஃப் ஷார்ப், ஹாஸ்கெலின் டெக்ஸ்ட் வகை, பின்னால் வரும் குளோஜர் மூன்றும் 5 என்கின்றன. ஓகேமல் 15 என்கிறது. பில்லில் பெயருக்கு இடம் குறைவு, நாலாவது இடத்தில் வெட்டு என்று எஃப் ஷார்ப்பில் எழுதினால் "காவடி" "காவட" ஆகிவிடும். எலிக்சர் எழுத்தின் நடுவே வெட்டாது. டாட்நெட்டிலும் எழுத்துவாரியாக எண்ணும் வசதி இருக்கிறது, ஆனால் அதைத் தெரிந்துகொண்டு கேட்டு வாங்க வேண்டும். ஓகேமலில் தனி நூலகம் சேர்க்க வேண்டும். எலிக்சரும் க்ஷ-வை இரண்டாகத்தான் எண்ணும். யூனிகோட் விதியே அப்படி, மொழியின் மேல் பழி போட முடியாது.

அகரவரிசை இன்னொரு தலைவலி. யூனிகோட் எண் வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்து நிற்கிறது, நம் அகராதியில் அது கடைசி. வெறுமனே வரிசைப்படுத்தச் சொன்னால் எலிக்சர் எண் வரிசையில்தான் அடுக்கும். டாட்நெட் மொழிக்கேற்ற வரிசைப்படுத்தலைத் தன்னிடமே வைத்திருக்கிறது. பொருள் பட்டியல் நீளமான கடைக்கு இது சின்ன விஷயம் அல்ல.

பிடிஎஃப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், எல்லா மொழிக்கும் பொது. "கொலு பொம்மை" என்று அச்சடித்துப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும். எழுத்துகளை உருவமைக்கத் தெரியாத பிடிஎஃப் நூலகங்கள் அதைக் கலைத்துப் போடும், புள்ளியும் கொக்கியும் தள்ளி நிற்கும். ஆங்கிலத்தில் சோதித்துவிட்டு வாங்கிய நூலகம் தமிழில் இப்படிக் காலை வாரும். தலைவலியில்லாத வழி, பில்லை எச்டிஎம்எல்லாக எழுதி, திரை திறக்காமல் பின்னணியில் ஓடும் குரோம் உலாவியை வைத்து பிடிஎஃப் ஆக்குவது. எலிக்சரில் குரோமிக் பிடிஎஃப் என்ற நூலகம் இதைத்தான் செய்கிறது. மற்ற மொழிகளிலும் இதே வழியைப் பிடிக்கலாம். குரோமுக்குத் தமிழ் தெரியும், அது போதும்.

எலிக்சரின் பெரிய குறை வகைகள். விற்பனை வகை மூன்றில் ஒன்றை விட்டால் கம்பைலர் சொல்லும் என்றேனே, அந்த உறுதி இங்கே கிடையாது. 1.17, 1.18 பதிப்புகளிலிருந்து வகைச் சோதனையைப் படிப்படியாகச் சேர்த்துவருகிறார்கள். வளர்ந்துவரும் வசதிதான், ஆனால் வரிக் கணக்கு எழுதுபவர் அதை நம்பி இறங்க நான் சொல்லமாட்டேன்.

ஓகேமலைப் பற்றிப் பேசும்போது மொரீஷியஸ்காரனுக்கு ஒரு தனிச் சலுகை இருக்கிறது: பிரெஞ்சு. மொழி பிறந்தது பிரான்சின் இன்ரியா ஆய்வகத்தில், இன்றைய வடிவம் 1996இல் தொடங்கியது. பிரான்சில் பொறியியல் கல்லூரிகளுக்கு முந்தைய ஆயத்த வகுப்புகளில் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். அதனால் பயிற்சிக் கணக்கும் பாடக்குறிப்பும் பிரெஞ்சில் கொட்டிக்கிடக்கின்றன. பள்ளியில் பிரெஞ்சு, வீட்டில் கிரியோல், கோயிலில் தமிழ் என்று வளர்ந்த நமக்கு அவை அப்படியே புரியும். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இந்த வசதி கிடையாது, அவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.

வரிக் கணக்குக்கும் ஓகேமலுக்கும் ஓர் அழகான தொடர்பு உண்டு. பிரெஞ்சு வரித்துறை வருமான வரி விதிகளை எம் என்ற தனி மொழியில் எழுதிவைத்திருக்கிறது. அதற்கு எம்லாங் என்ற புதிய கம்பைலரை ஆய்வாளர்கள் ஓகேமலில் எழுதினார்கள். சட்டப் பிரிவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நிரல் எழுதும் காத்தாலா மொழியும் இன்ரியாவில் ஓகேமலில் உருவானதுதான். விதியை மொழியாக்குவது, கம்பைலர் எழுதுவது, பெரிய உரையைப் பிரித்து ஆராய்வது என்றால் ஓகேமல்தான். ரஸ்ட் மொழியின் முதல் கம்பைலரே இதில் எழுதப்பட்டது. பங்குச் சந்தையில் ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனம் ஏறக்குறைய எல்லாவற்றையும் இதில் செய்கிறது. கம்பைல் ஆகும் வேகம் மனதுக்கு இதமாக இருக்கும். 2022 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பு கணினிச் செயலியின் பல கோர்களிலும் ஒரே நேரத்தில் ஓட வழி திறந்தது.

ஆனால் எக்செல் என்றதும் ஓகேமல் கையை விரித்துவிடும். அடிப்படை நூலகமே இரண்டு, ஒன்று மொழியோடு வருவது, இன்னொன்று ஜேன் ஸ்ட்ரீட்டுடையது. எதைப் பிடிப்பது என்பதில் ஆரம்பத்தில் நேரம் கரையும். விண்டோஸில் நேரடியாக நிறுவுவது 2024இல் அதன் நிறுவல் கருவியான ஓபாமின் 2.2 பதிப்பு வந்த பிறகுதான் ஒழுங்கானது. நம் கடைக்காரரின் கணினி விண்டோஸ்தான் என்பதை மறக்க வேண்டாம்.

ஹாஸ்கெல். இதைக் கற்றவர்கள் மற்ற மொழிகளில் எழுதும் விதமே மாறிவிடுகிறது, அதை நான் மறுக்கவில்லை. 1990இல் முதல் வரையறை வந்த மொழி, மற்றவர்கள் பிறகு எடுத்துக்கொண்ட பல யோசனைகளுக்கு ஊற்றுக்கண். ஆவணங்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாண்டாக் போல உலகமே பயன்படுத்தும் கருவி இதில் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டு வங்கி மூ என்று தனக்கென ஒரு ஹாஸ்கெல் வகையையே வைத்திருக்கிறது. ஆனால் சொந்த வேலை, ஒற்றை ஆள், மாதக் கடைசியில் பில் போக வேண்டும் என்றால் நான் இதை எடுக்க மாட்டேன். தேவைப்படும்வரை கணக்கிடாமல் ஒத்திப்போடும் குணம்தான் காரணம். பல்லாயிரம் எண்களைக் கூட்டச் சொன்னால், கூட்டாமல் கூட்ட வேண்டியவற்றின் பட்டியலை நினைவகத்தில் அடுக்கிக்கொண்டே போகலாம். எங்கே அடுக்குகிறது என்று கண்டுபிடிப்பது தனி வித்தை. அந்த வித்தையைக் கற்க ஆசை இருந்தால் தாராளமாக இறங்குங்கள், கடைக்காரரைக் காக்க வைக்காதீர்கள்.

குளோஜர் ரிச் ஹிக்கி 2007இல் வெளியிட்டது, ஜாவா நிரல்களை ஓட்டும் ஜாவா இயந்திரத்தின் மேல் ஓடும், லிஸ்ப் குடும்பத்து மொழி. பிரேசிலின் நூபாங்க் வங்கி இதன் மேல்தான் நிற்கிறது, 2020இல் குளோஜரைப் பராமரிக்கும் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் நுழைந்து ஒவ்வொரு வரியாகச் சோதித்தபடி எழுதும் அனுபவத்துக்கு ஈடில்லை. வரும் தரவு எந்த உருவத்தில் வரும் என்றே தெரியாத வேலைக்கு இது பொருத்தம். தசம எண் உண்டு. ஆனால் ஒன்றை மூன்றால் வகுக்கச் சொன்னால் முடிவில்லாத தசமம் என்று நின்றுவிடும், எத்தனை இலக்கம் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். பணக் கணக்கில் இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். பிழைச் செய்திகள்தான் ஜாவாவின் நீண்ட புலம்பல். இன்னொரு வேடிக்கை: நம் மொரீஷியஸ் நோட்டுகளில் தமிழ் எண்களும் அச்சாகின்றன அல்லவா, அந்த ௨௫-ஐக் கொடுத்தால் ஜாவா இயந்திரம் இருபத்தைந்து என்று வாசித்துவிடும். டாட்நெட் அதை இலக்கம் என்று ஒத்துக்கொள்ளும், எண்ணாக மாற்றச் சொன்னால் மறுத்துவிடும். கடைக்கு இதனால் ஒரு பயனும் இல்லை, ஆனாலும் பார்க்க சந்தோஷமாக இருக்கிறது.

ஸ்காலா பெரிய தரவுக் கிடங்குகளில், ஸ்பார்க் என்ற தரவுக் கருவியோடு வேலை செய்பவர்களுக்கு. ஒற்றை ஆளுக்கு அது ரொம்பப் பெரிய வீடு. எல்ம் படிக்க இனிமையானது, ஆனால் 2019இல் வந்த 0.19.1க்குப் பிறகு பல ஆண்டுகள் பெரிய அசைவில்லாமல் கிடந்தது. வாடிக்கையாளரிடம் காசு வாங்கும் வேலைக்கு நான் துணிய மாட்டேன். கிளீம் 2024 மார்ச்சில் 1.0 ஆனது. எர்லாங்கின் மேல் கறாரான வகைகள், எலிக்சரில் இல்லாததை இது தருகிறது. வயது போதவில்லை. இரண்டு வருடம் போகட்டும்.

அடுத்து, ஆள். இந்தத் தீவில் மொத்தமே ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் பேர். நீங்கள் வேலை மாறி வெளிநாடு போனால் அந்தக் கடை மென்பொருளை யார் பார்ப்பார்கள்? ஹாஸ்கெல் தெரிந்த இன்னொருவரை எபேனில் தேடுவது வீண் அலைச்சல். சி ஷார்ப் தெரிந்தவர் கட்டடத்துக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். எஃப் ஷார்ப்பை நான் முன்னால் வைப்பதற்கு இது பாதிக் காரணம். வரி விதிகளையும் நாணயக் கணக்கையும் எஃப் ஷார்ப்பில் தனியாக எழுதி, திரை, தரவுத்தளம், எக்செல் எல்லாவற்றையும் சி ஷார்ப்பிலேயே விட்டுவிடலாம். இரண்டும் ஒரே திட்டத்தில் கூசாமல் உட்காரும். வருகிறவர் முதல் வாரத்தில் எஃப் ஷார்ப்பைத் தொட வேண்டிய தேவையே இருக்காது. குளோஜருக்கும் ஜாவாவோடு இதே வசதி உண்டு, ஜாவா வீட்டில் வளர்ந்தவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

சொந்தக் கடை வைக்காமல், வீட்டிலிருந்தே ஐரோப்பாவுக்கு வேலை செய்யலாம் என்பவர்களுக்குக் கணக்கு வேறு. பாரிசுக்கும் நமக்கும் கோடையில் இரண்டு மணி நேரம், குளிர்காலத்தில் மூன்று மணி நேரம்தான் வித்தியாசம். அவர்கள் அலுவலகம் திறக்கும்போது நாம் காலை வேலை பாதி முடித்திருப்போம். அங்கே ஓகேமலும் எலிக்சரும் எழுதும் குழுக்கள் உண்டு, பிரெஞ்சில் பேசக்கூடிய ஆளுக்கு அது ஒரு படி கூடுதல். இந்த வழியில் போகிறவர் எஃப் ஷார்ப்பில் நேரம் போடுவதைவிட இந்த இரண்டில் ஒன்றைப் பிடிப்பது மேல்.

கடைசியாக, மொழியே மாற்றாத வழியும் ஒன்று உண்டு. அதை யாரும் ஒப்பீட்டில் சேர்ப்பதில்லை. 2020இல் சி ஷார்ப் 9 ரெக்கார்டுகளை, அதாவது எழுதிய பின் மாறாத தரவுத் தொகுப்புகளைக் கொண்டுவந்தது. ஜாவா 17 இத்தனை விதம்தான் என்று வரம்பிடும் மூடிய வகைகளையும், 2023இல் ஜாவா 21 அவற்றை வடிவம் பார்த்துப் பிரிக்கும் வசதியையும் தந்துவிட்டன. ஒரே நாணயம், ஒரே வரி விகிதம், இரண்டு விதமான அறிக்கை என்று இருக்கும் வேலைக்கு இவை தாராளம். பகலில் எழுதும் ஜாவாவிலேயே இரவிலும் எழுதலாம். மூன்று நாணயமும் மூன்று வரி வகையும் ஒரே பில்லில் சந்திக்கும் நாள் வரும்போது எஃப் ஷார்ப்பின் பக்கம் வாருங்கள்.